துணிக்கு விதியா, தகுதிக்கு விதியா? இடைக்கால ரீஎனாக்ட்மென்ட் கூட்டங்களில் எதில் சேர்வது

வெளிநாட்டுத் தமிழ் வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. பக்கத்து ஊரில் ஐரோப்பிய இடைக்காலத்தை வேடம் கட்டி நடத்தும் கூட்டம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்துவிட்டு வந்து நச்சரிக்கிறார்கள், அல்லது அலுவலகத்தில் ஒருவர் ‘நீங்களும் வாங்களேன்’ என்கிறார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன உடுத்திக்கொண்டு போவது, போய் யாராக நிற்பது, எவ்வளவு பணம் போகும், நம் நிறத்தையும் பெயரையும் பார்த்து யாராவது முகம் சுளிப்பார்களா? விசாரித்தால் ஒருவர் எதை வேண்டுமானாலும் போடலாம் என்கிறார், இன்னொருவர் தையல் நூல் வரைக்கும் விதி இருக்கிறது என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அவர்கள் வேறு வேறு கூட்டங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்தக் கூட்டங்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்: டிக்கெட் வாங்கிப் போகும் திருவிழா, எஸ்.சி.ஏ. என்னும் பெரிய சங்கம், ஒரு காலத்தையும் இடத்தையும் அச்சு அசலாகக் காட்ட முயலும் கறாரான குழுக்கள். எதில் சேர்வது என்று உடையை வைத்து மட்டும் முடிவு செய்தால் பாதி வழியில் ஏமாற்றமாகிவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

1363இல் மூன்றாம் எட்வர்டு காலத்து இங்கிலாந்தில் யார் எதை உடுத்தலாம் என்று ஒரு சட்டம் போட்டார்கள். 40 ஷில்லிங் பெறுமான உடைமைகூட இல்லாத வண்டிக்காரர், உழவர் போன்றவர்கள் 12 பென்னி விலைக்கான முரட்டுக் கம்பளியோடு நின்றுகொள்ள வேண்டும். நில வருமானம் 100 பவுண்டைத் தொடாத சிறு பிரபுவுக்குப் பட்டும் பொன்சரிகையும் கிடையாது. சட்டத்தைச் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தக் காலத்தவர் எண்ணம் என்ன என்பது அதில் தெரிகிறது: துணியைப் பார்த்தால் ஆளின் தகுதி, அதாவது சமூகத்தில் அவர் நிற்கும் படி, தெரிய வேண்டும்.

இன்றைய கூட்டங்கள் இந்த இரண்டையும் பிரித்துவிட்டன. திருவிழாவில் துணிக்கும் கட்டுப்பாடு இல்லை, தகுதிக்கும் இல்லை. எஸ்.சி.ஏ.வில் துணிக்குத் தாராளம், தகுதிச் சின்னங்களுக்குப் பூட்டு. கறாரான குழுவில் துணிக்குப் பூட்டு, தகுதியோ துணி வழியாகவே வருகிறது. நான் பார்த்த வரைக்கும் புதியவர்களுக்கு வரும் மனக்கசப்பு முக்கால்வாசி, இந்த வித்தியாசம் தெரியாமல் உள்ளே போனதால் வந்ததுதான்.

## எதை வைத்து அளப்பது

நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, வாசலில் எதைச் சோதிப்பார்கள்? துணியின் இழையையா, தையலையா, இடுப்பில் தொங்கும் கத்தியையா, தலையில் இருக்கும் வளையத்தையா?

இரண்டாவது, அங்கே நீங்கள் யார்? பார்வையாளரா, குடியானவரா, பிரபுவா? அந்த இடத்தை யார் கொடுப்பது, மேலே ஏற எத்தனை காலம்?

மூன்றாவது, செலவு. துணிக்கடை பில் எல்லாருக்கும் தெரியும். செருப்பு, கூடாரம், பெட்ரோல், விடுமுறை நாட்கள், ராத்திரி உட்கார்ந்து தைக்கும் நேரம் இவையெல்லாம் பில்லில் வராது.

நான்காவது, ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கும், பெண்களுக்கும், குழந்தைகளுக்கும் அங்கே என்ன இடம்? இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல குழு என்றால் பதில் தயாராக வைத்திருக்கும்.

## டிக்கெட் வாங்கிப் போகும் திருவிழா

அமெரிக்காவில் இதை ரெனசான்ஸ் ஃபேர் என்பார்கள். 1963இல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிலிஸ் பேட்டர்சன், ரான் பேட்டர்சன் தம்பதி தொடங்கியது. டெக்சஸில் 1974 முதல் நடப்பது மிகப் பெரியவற்றில் ஒன்று. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இதே மாதிரி இடைக்காலச் சந்தைகள் கோடை முழுக்க உண்டு.

இங்கே உடை விதி என்று ஒன்றும் இல்லை. ஜீன்ஸில் போகலாம், பைரேட் வேடத்தில் போகலாம், சிறகு ஒட்டிக்கொண்டு தேவதையாகவும் போகலாம். கத்தி வாள் இருந்தால் உறையிலிருந்து உருவ முடியாதபடி கட்டிவிடச் சொல்வார்கள், அவ்வளவுதான். தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு போனாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். யாரும் வணங்கவும் மாட்டார்கள். ராஜா, ராணி, கோமாளி எல்லாரும் நிர்வாகம் ஏற்பாடு செய்த நடிகர்கள். நீங்கள் எவ்வளவு அழகாக உடுத்திப் போனாலும் பார்வையாளர்தான். ஒரு நாள் பொழுதுபோக்குக்கு அது நல்லது. அடுத்த வருடமும் அதே உடையில் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் சிலருக்கு அலுப்புத் தட்டும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே கடைகளில் இருக்கிறது. உள்ளே போன உற்சாகத்தில் பாலியெஸ்டர் வெல்வெட் கவுனும், குரோம் வளையம் பதித்த தோல் கச்சும் வாங்கிவிடுவார்கள். வெயிலில் அவற்றுக்குள் வெந்து போவது ஒரு பக்கம். பிறகு வேறு கூட்டத்தில் சேர நினைத்தால், கறாரான குழுவில் அதில் ஒரு துண்டைக்கூட ஏற்க மாட்டார்கள். வாடகைக்குக் கிடைத்தால் வாடகைதான் புத்திசாலித்தனம்.

இந்த வகையில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்வீடனின் கோட்லாந்து தீவில், விஸ்பி நகரில் 1984 முதல் ஆகஸ்டில் நடக்கும் இடைக்கால வாரம். 1361இல் டென்மார்க் அரசன் வால்டமார் அட்டர்டாக் அந்தத் தீவைப் பிடித்தான். நகர மதிலுக்கு வெளியே உள்ளூர் விவசாயிகள் ஏராளமாகக் கொல்லப்பட்டார்கள், கவசத்தோடேயே குழியில் தள்ளிப் புதைக்கப்பட்டார்கள். 14ஆம் நூற்றாண்டுக் கவசம் பற்றி இன்று நமக்கு இருக்கும் முக்கிய ஆதாரங்களில் ஒன்று, அந்தக் குழிகளைத் தோண்டி எடுத்தபோது கிடைத்தவை. அதே மதில், அதே தெருக்கள். உடை கட்டாயம் இல்லை, ஆனால் ஊர்க்காரர்களே கம்பளியும் லினனும் உடுத்தி மளிகை வாங்கப் போவார்கள். பார்வையாளருக்கும் வேடக்காரருக்கும் நடுவே கோடு அங்கே மங்கலாக இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் இருப்பவர்கள் முதல் அனுபவத்துக்கு வேறு எங்கேயும் போக வேண்டாம் என்பேன். தங்குமிடத்தை மட்டும் மாதக்கணக்கில் முன்னதாகப் பிடித்துவிடுங்கள்.

## எஸ்.சி.ஏ.: துணிக்குத் தாராளம், பெல்ட்டுக்குப் பூட்டு

சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம் 1966 மே 1 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புற விருந்தாகப் பிறந்தது. இன்று உலகம் முழுக்க 20 ‘ராஜ்ஜியங்கள்’. டொரொண்டோவில் இருப்பவர்கள் ஈல்டர்மியர் ராஜ்ஜியத்தில் வருவார்கள், மெல்போர்ன்காரர்கள் லோக்காக்கில், லண்டன்காரர்கள் ட்ராகன்வால்டில். பென்சில்வேனியாவில் கோடையில் நடக்கும் பென்சிக் போர் என்னும் பெரிய முகாமுக்குச் சுமார் 10,000 பேர் கூடாரம் அடித்து இரண்டு வாரம் வரை தங்குவார்கள்.

உடை விதி ஒரே வரி: 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உடையை உடுத்த முயற்சி செய்திருக்க வேண்டும். கவனியுங்கள், முயற்சி. மிஷின் தையல் பரவாயில்லை, பருத்தி பரவாயில்லை, மூக்குக்கண்ணாடி பரவாயில்லை. ஒன்றுமே இல்லாமல் வந்தால் பல இடங்களில் கோல்ட் கீ என்ற பெயரில் இரவல் உடைப் பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு டூனிக்கை, அதாவது தலைவழியாக மாட்டும் நீளமான மேல்சட்டையை, எடுத்து மாட்டிவிடுவார்கள். வாசலில் துணியைத் திருப்பிப் பார்த்து யாரும் திட்ட மாட்டார்கள். அப்படிச் செய்பவர்களைக் கேலி செய்ய அவர்களிடையே தனிப் பட்டப்பெயரே உண்டு.

பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. வெள்ளை பெல்ட், பதக்கமில்லாத பொன்னிறச் சங்கிலி, குதிரைவீரர் குதிகாலில் மாட்டும் குதிமுள் இவை போர்த்திறனுக்காக நைட் என்னும் வீரப் பட்டம் பெற்றவர்களுக்கு. லாரல் இலை வளையம் கலை, கைத்தொழிலில் தேர்ந்தவர்களுக்கு. தன் மார்பைக் குத்திக் குஞ்சுக்கு ரத்தம் ஊட்டும் பெலிகன் பறவைச் சின்னம், வருடக்கணக்கில் அடுப்படியிலும் கணக்கு நோட்டிலும் சேவை செய்தவர்களுக்கு. தலையில் வைக்கும் கிரீட வளையங்களுக்கும் தனித்தனி வரிசை உண்டு. புதியவர் தெரியாமல் வெள்ளைப் பெல்ட் கட்டி வந்தால் யாராவது ஓரமாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்வார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் விடவும் மாட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் தங்கச் சங்கிலியோடு போகத் தயங்க வேண்டாம். தாலிக்கொடியை யாரும் நைட் சங்கிலி என்று நினைக்கப் போவதில்லை. வெள்ளை இடுப்புக் கச்சை மட்டும் வேண்டாம்.

இங்கே எல்லாரும் நற்குடிப் பிறந்தவர் என்றுதான் தொடக்கம். குடியானவராகத் தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ‘லார்டு’, ‘லேடி’ என்ற பட்டம்கூட அரச சபையில் விருது கொடுத்த பிறகுதான் பெயரோடு ஒட்டும். அரசன் யார்? மூங்கில் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே கெட்டியான பிரம்பு வாளால் மோதிப் போட்டியில் வெல்பவர். அவரும் அவர் துணையும் சில மாதங்கள் ஆள்வார்கள், பிறகு அடுத்த போட்டி. போரின் முடிவு முன்கூட்டி எழுதப்பட்டதல்ல, உண்மையாகவே அடித்துக்கொள்கிறார்கள். பெண்களும் அதே களத்தில், அதே விதியில்.

செலவைப் பார்த்தால் நுழைவு மிக மலிவு. பருத்தியில் ஒரு டூனிக், ஒரு சாதாரணத் தோல் பெல்ட், விருந்துக்கு உங்கள் தட்டும் கோப்பையும். தட்டை நீங்களேதான் கொண்டுபோக வேண்டும், இது தெரியாமல் போய் விழித்தவர்கள் உண்டு. சண்டையில் இறங்கினால் கணக்கு மாறிவிடும்: தடித்த எஃகுத் தலைக்கவசம், கழுத்து, முழங்கை, முழங்கால், விரல் என்று ஒவ்வொன்றுக்கும் காப்பு. பெரிய செலவு காசில் இல்லை, காலத்தில் இருக்கிறது. வெள்ளைப் பெல்ட்டுக்கோ லாரலுக்கோ பத்து வருடம் உழைத்தவர்கள் சாதாரணம். அதைக் கொடுப்பது தேர்வு மதிப்பெண் அல்ல, ஏற்கெனவே அந்தப் பட்டம் பெற்றவர்களின் கலந்தாலோசனை. ஊர்க் கோயில் கமிட்டியில் இருந்தவர்களுக்கு இதில் வரும் அரசியல் புதிதாக இருக்காது.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி. உங்கள் கற்பனைப் பாத்திரம், அவர்கள் மொழியில் பெர்சோனா, ஐரோப்பியராக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சங்கத்தின் மையம் ஐரோப்பாதான், ஆனால் அந்தக் காலத்தில் ஐரோப்பாவோடு தொடர்பில் இருந்த நாட்டுக்காரராக வரலாம். 13ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கினாரே, அது ஒன்றே போதும். மாபார் என்று அவர் அழைக்கும் அந்தத் தேசத்தில் சட்டை வெட்டித் தைக்க ஒரு தையல்காரனைக்கூடத் தேடிப் பிடிக்க முடியாது, எல்லாரும் வெறும் உடம்போடு திரிகிறார்கள் என்று அவர் ஆச்சரியப்படுகிறார். அரசனும் இடுப்பில் ஒரு துணிதானாம். ஆனால் கழுத்திலிருந்து 104 பெரிய முத்தும் மாணிக்கமும் கோத்த பட்டு நூல் தொங்கியது என்கிறார். துணியில் வேறுபாடு இல்லை, தகுதி முழுக்க நகையில். எட்வர்டின் சட்டம் போட்டவர்கள் பார்த்திருந்தால் தலை சுற்றியிருக்கும்.

சோழர் கால ஆளாகப் போக நினைப்பவர்களுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் உட்சுற்றில் இருக்கும் 11ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் முதல் ஆதாரம். விஜயநகரக் காலம் என்றால் லேபாக்ஷியின் 16ஆம் நூற்றாண்டுக் கூரை ஓவியங்கள். ஆகஸ்டு மாதப் பென்சில்வேனிய வெயிலில் கம்பளிக்காரர்கள் உருகிக்கொண்டிருக்கும்போது வேட்டிக்காரர் நிம்மதியாக இருப்பார். சேலை விஷயத்தில் ஒன்று: பாவாடை கட்டி, முன்னால் மடிப்பு வைத்து, பளபளப்பான ரெடிமேட் பிளவுஸ் போடும் இன்றைய கட்டு, காலத்தோடு ஒட்டாது. பின்கொசுவம் வைத்து, கரை போட்ட கைத்தறியைக் கட்டினால் எவ்வளவோ மேல். பெயரைப் பதிவு செய்ய ஆதாரம் கேட்பார்கள். கல்வெட்டுப் பெயர்களுக்கு நமக்கா பஞ்சம்.

## கறாரான குழுக்கள்: உள்பாடி வரைக்கும் 11ஆம் நூற்றாண்டு

பிரிட்டனில் 1986இல் தொடங்கிய ரெஜியா ஆங்கிலோரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலோ-சாக்சன், வைக்கிங், நார்மன் காலத்தைக் காட்டுகிறார்கள். கென்ட்டில் வைச்சர்ஸ்ட் என்ற பெயரில் மரத்தாலான பெருமண்டபமே கட்டியிருக்கிறார்கள். ரோஜாப் போர், அதாவது 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரியணைக்காக நடந்த உள்நாட்டுப் போர், அந்தக் காலத்தைக் காட்டும் குழுக்கள் வேறு. 1471இல் டியூக்ஸ்பரியில் நடந்த சண்டையை ஒவ்வொரு கோடையிலும் அதே ஊரில் பல குழுக்கள் சேர்ந்து நடத்துகின்றன.

இந்த வகைக் குழுக்களில் எழுத்தில் உடைக் கையேடு இருக்கும், அதை வைத்துச் சோதிக்க ஆள் இருப்பார். சட்டை லினன், மேலே கம்பளி, வெளியே தெரியும் தையல் கைத்தையல். ஜிப், எலாஸ்டிக், பாலியெஸ்டர், கைக்கடிகாரம், சாயம் போட்ட நகம் எதுவும் கூடாது. கண்ணாடி போடுபவர் கான்டாக்ட் லென்சுக்கு மாற வேண்டும், அல்லது மக்கள் பார்க்கும் நேரத்தில் தடவித்தான் நடக்க வேண்டும். நம்மவர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை, வெள்ளைப் பருத்தி வேட்டியை வெட்டி உள்சட்டை தைத்துவிடலாம் என்பது. எஸ்.சி.ஏ.வில் செல்லும், இங்கே செல்லாது. வட ஐரோப்பாவின் 10, 11ஆம் நூற்றாண்டு உழவன் வீட்டில் பருத்தி கிடையாது.

இது வெறும் வறட்டுப் பிடிவாதமும் இல்லை. நாள் முழுக்க விறகு அடுப்பைச் சுற்றி வேலை. பொறி பட்டால் கம்பளி கருகி நின்றுவிடும், பருத்தி பற்றிக்கொண்டு எரியும், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். விதி எதற்கு என்று அடுப்பே சொல்லிவிடும்.

வெட்டும் முறைக்கு உண்மையான உடைகளே மாதிரி. பிந்தைய இடைக்காலத்துக்கு, ஸ்வீடனில் 1936இல் சதுப்பு நிலத்திலிருந்து எடுத்த பாக்ஸ்டன் மனிதனின் டூனிக், மேலங்கி, நீண்ட வால் வைத்த தலைமூடி. அப்புறம் கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறையில் 1921இல் கிடைத்த கம்பளி உடைகள். அமிலச் சதுப்பில் கம்பளி தப்பும், லினன் கரைந்துவிடும். அதனால் மேலுடையைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும், உள்சட்டையைப் பற்றி அவ்வளவு தெரியாது. உள்சட்டையின் கழுத்துத் தையலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கும் சோதனைக்காரரும் பெரும்பாலும் அனுமானத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார். இதை அவரிடம் சொல்லிக்காட்டாமல் இருப்பது நல்லது.

தகுதி இங்கே எப்படி என்றால், கிட்டத்தட்ட எல்லாரும் குடியானவராகத் தொடங்குவார்கள். மலிவு என்பது ஒரு காரணம். அந்தக் கால மக்களில் மிகப் பெரும்பாலோர் அவர்கள்தான் என்பது இன்னொன்று. சாயமேற்றாத சாம்பல் கம்பளி, அல்லது மஞ்சிட்டி இனத்து வேரில் எடுத்த செம்மண் நிறம். சண்டைக்குப் போனால் ஈட்டியும் கேடயமும், வாள் பிறகு. பட்டுக் கரை, வெள்ளிக் கொக்கி, ஆழ்ந்த நிறம் இதெல்லாம் வேண்டுமென்றால் கடையில் வாங்கினால் மட்டும் போதாது. குழு ஒப்ப வேண்டும். ஒப்பினாலும், உள்சட்டை முதல் செருப்பு வரை எல்லாம் அந்தத் தகுதிக்கு ஏறியிருக்க வேண்டும். சீமாட்டியாக வருபவர் குழாயடியில் தண்ணீர்க் குடம் தூக்க முடியாது, பணிப்பெண் பின்னால் நிற்க வேண்டும். துண்டு துண்டாகப் பணக்காரராக இங்கே வழியில்லை.

இதைக் கேட்டுப் பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நாளிலேயே உங்களுக்கு வேலை இருக்கும் ஒரே இடம் இதுதான். நூல் நூற்பது, பட்டை நெசவு, ரொட்டி சுடுவது, காய் நறுக்குவது, விறகு பிளப்பது. எஸ்.சி.ஏ.வில் கூச்ச சுபாவக்காரர் முதல் சில கூட்டங்களில் தட்டும் கையுமாக நின்றுகொண்டிருப்பார். இங்கே கையில் ஏதாவது கொடுத்துவிடுவார்கள். வருகிறவர்கள் வேலியைத் தாண்டி, இது நிஜ நெருப்பா, அந்தச் சோற்றை நிஜமாகவே சாப்பிடுவீர்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அலுக்காமல் பதில் சொல்வதுதான் இங்கே உண்மையான சந்தா. ஆசிரியர் வேலை பார்த்தவர்கள் இதில் ஜொலிப்பார்கள்.

செலவுக்கு வருவோம். ஆணுக்கு லினன் சட்டைக்கு இரண்டரை, மூன்று மீட்டர். கம்பளி டூனிக்குக்கு இன்னொரு மூன்று. பெண்ணின் நீள உடைக்கு நாலு, ஐந்து மீட்டர். காலுறை, தலைமூடி, மேலங்கி தனி. லினனை வெட்டுவதற்கு முன் சுடுநீரில் துவைத்துச் சுருங்க விட வேண்டும், இல்லையென்றால் பிறகு சட்டை முழங்கைக்கு ஏறிவிடும். உள் தையலை மிஷினில் ஓட்டிவிட்டு வெளியே தெரிவதை மட்டும் கையால் தைக்கப் பல குழுக்கள் விடுகின்றன. அப்படியும் பல மாலைகள் போகும். ஆளை அடிப்பது செருப்புதான்: தைத்துவிட்டு உள்பக்கம் வெளியே திருப்பும் தோல் செருப்பு, பெரும்பாலும் முழு உடையில் தனியாக விலை கூடிய பொருளாக இருக்கும். ஈரப் புல்லில் வழுக்கும், மழையில் ஊறும். ஆனால் முதல் பருவத்துக்குப் பல குழுக்கள் இரவல் கொடுக்கும். கேட்காமல் வாங்காதீர்கள்.

இங்கே நம் நிறத்துக்கு என்ன இடம்? பொறுப்பான குழு எதுவும் தோலைப் பார்த்து ஆளைத் தடுப்பதில்லை. ஆனால் பெர்சோனாவை உங்கள் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. சோழ வணிகர் வேடத்தில் இங்கிலாந்தின் வின்செஸ்டர் சந்தையில் நிற்க அனுமதி கேட்டால் மரியாதையாக மறுப்பார்கள். ஊர்க்காரராகவே உடுத்த வேண்டும். அந்த வேடத்துக்குள்ளும் சொல்ல நமக்குக் கதை இருக்கிறது. 735இல் இறக்கும் தறுவாயில் ஆங்கிலேயத் துறவி பீட் தன் பெட்டியிலிருந்து பகிர்ந்து கொடுத்த சொற்பப் பொருட்களில் மிளகு ஒன்று. இங்கிலாந்தின் பழைய ஆண்டுக்குறிப்பான ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டின் 883ஆம் ஆண்டுப் பதிவில், ஆல்ஃபிரட் அரசன் இந்தியாவில் இருக்கும் புனித தோமாவுக்குக் காணிக்கை அனுப்பியதாக ஒரு வரி வருகிறது. அது மயிலாப்பூரைத் தொட்டதா என்று வரலாற்றாசிரியர்கள் அடித்துக்கொள்ளட்டும். அடுப்படியில் மிளகு இடித்துக்கொண்டே இதைச் சொல்ல உங்களை விடப் பொருத்தமானவர் யார்?

பெண்கள் சண்டையில் இறங்குவது குழுவுக்குக் குழு மாறும். சிலவற்றில் ஆண் உடையில், தூரத்திலிருந்து பார்த்தால் ஆண் என்று தோன்றும்படி வந்தால் சரி. ஸ்வீடனின் பிர்க்காவில் ஆயுதங்களோடும் இரண்டு குதிரைகளோடும் புதைக்கப்பட்ட வீரர் ஒரு பெண் என்று 2017இல் மரபணு ஆய்வு காட்டிய பிறகு வைக்கிங் குழுக்களில் இந்தப் பேச்சின் தொனியே மாறிவிட்டது. சேருவதற்கு முன் நேராகக் கேட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கும் முழு உடை வேண்டும். வருடா வருடம் வளர்ந்துவிடுவார்கள், ஆனால் சின்ன உடைகள் குடும்பம் குடும்பமாகக் கை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் இது பயமுறுத்தும் அளவுக்கு இல்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | திருவிழா | எஸ்.சி.ஏ. | கறாரான குழு |
|---|---|---|---|
| வாசலில் சோதிப்பது | ஆயுதம் கட்டியிருக்கிறதா | வேடத்துக்கு முயற்சி, தகுதிச் சின்னங்கள் | துணி, தையல், செருப்பு, கண்ணாடி |
| முதல் நாள் நீங்கள் | பார்வையாளர் | பட்டமில்லாத நற்குடியினர் | குடியானவர், கையில் வேலையோடு |
| மேலே ஏறும் வழி | இல்லை | வருடக்கணக்கான உழைப்பு, மற்றவர் ஒப்புதல் | முழு உடையும் அறிவும், குழு ஒப்புதல் |
| கண்ணில் படாத செலவு | உள்ளே இருக்கும் கடைகள் | காலம், கவசம் | செருப்பு, கைத்தையல், லென்ஸ் |
| தமிழ்ப் பாத்திரம் | யாரும் கேட்க மாட்டார்கள் | ஆதாரத்தோடு தாராளமாக | அநேகமாக இல்லை |

## யாருக்கு எது

சின்னக் குழந்தைகள், ஒரே நாள், பிடிக்குமா என்றே தெரியவில்லை என்றால் திருவிழா. வாடகை உடை, அல்லது சாதாரண உடை. அங்கே எதையும் வாங்காதீர்கள்.

அடித்துச் சண்டை போட ஆசை, கூட்டம் கலகலப்பாக இருக்க வேண்டும், சோழ நாட்டு ஆளாக வர வேண்டும் என்றால் எஸ்.சி.ஏ. வேலை நிமித்தம் நாடு விட்டு நாடு மாறுபவர்களுக்கும் இதுதான். டொரொண்டோவில் வாங்கிய விருது சிட்னியிலும் செல்லும். ஆனால் அங்கீகாரம் தாமதமானால் மனம் வெந்துபோகும் சுபாவம் என்றால் யோசித்துச் சேருங்கள். வெள்ளைப் பெல்ட்காரர்களைப் பார்த்துப் பார்த்து ஏங்குவதற்கு வார இறுதிகளைச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஊசியும் நூலும் பிடிக்கும், ஏன் எதற்கு என்று ஆதாரம் தேடுவது பிடிக்கும், முன்பின் தெரியாதவர்களிடம் பேசத் தயக்கமில்லை என்றால் கறாரான குழு. என் சாய்வு இந்தப் பக்கம்தான். முதல் வருடம் கசக்கும், அதற்குப் பிறகு உங்கள் கையில் இருப்பது வேடத் துணியாக இல்லாமல் நல்ல உடையாக இருக்கும். குளிர்காலத்தில் இந்தக் குழுக்கள் பயிற்சியும் தையல் கூடலும் நடத்தும். கோடை நிகழ்ச்சியில் போய்க் கேட்பதை விட நவம்பரில் எழுதிக் கேட்டால் நிதானமாகப் பதில் வரும், வசந்தத்துக்குள் உடையும் தயாராகிவிடும்.

எதில் சேர்வது என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் தையலைத் தொடங்கிவிடுங்கள். முழு லினனில் ஒரு உள்சட்டை, முழுக் கம்பளியில் சாம்பலோ செம்மண்ணோ நிறத்தில் முழங்கால் வரை ஒரு டூனிக், பெண் என்றால் கணுக்கால் வரை. தெரியும் இடமெல்லாம் கைத்தையல். இந்த இரண்டையும் போட்டுக்கொண்டு திருவிழாவுக்கும் போகலாம், எஸ்.சி.ஏ.வுக்கும் போகலாம், கறாரான குழுவின் சோதனையிலும் அநேகமாகத் தேறலாம். கழுத்து வெட்டும் கைநீளமும் காலத்துக்குக் காலம் மாறும் என்பதால் அவற்றைக் கடைசியில் முடிக்க விட்டுவைக்கவும். பெல்ட் சாதாரணப் பழுப்புத் தோலாக இருக்கட்டும், வெள்ளை வேண்டாம்.